சிவப்பு வயர் முடிச்சு

அன்புள்ள குட்டி வக்கீலுக்கு,

எல்லாம் நான் அன்றைக்கே சொன்னதுதான். உன் கடிதத்தைப் படித்து உன் அம்மா அழுதாள், அத்தை திகைத்தாள், நான் அசையவில்லை. நீ பிழைப்பாய், உன்னளவு வாயாடும் ஒருவனைக் கட்டுவாய், ஒருநாள் உன் கருமுட்டைகளைக் கேட்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பாய் என்று பதினான்கு வருடத்துக்கு முன்பே சொன்னவன் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை இழந்தது, அதன் நஷ்டம்.

அந்த ஜன்னலோரக் கட்டில் ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பதினாறு. கழுத்துக் கட்டி புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்றினால் பிற்பாடு பிள்ளை பிறக்காமல் போகலாம், முன்னதாகவே முட்டைகளை எடுத்து உறையவைக்கலாம் என்றார் டாக்டரம்மா. “பொண்ணு பிழைச்சா போதும், இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?” என்றாள் உன் அம்மா. நான் ஒரே பேச்சில் மடக்கினேன். அவள் வேறு மாதிரி சொல்வாள், நம்பாதே.

நீதான் மடங்கவில்லை. “கரண்டு போனா என்ன மாமா ஆகும்?” என்று குறுக்கு விசாரணை செய்தாய். ஊரிலுள்ள ஃபிரிட்ஜையெல்லாம் பழுது பார்த்தவனிடமா கேள்வி? முட்டைகளை உறையவைக்கிற அறைக்குள் நானே போய்ப் பார்த்தேன், இடுப்புயர உருளை, மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை, குளிர வைப்பது திரவ நைட்ரஜன், கரண்டே வேண்டாம் என்றேன். நான் கை வைத்த பெட்டிக்கெல்லாம் போடுகிற சிவப்பு வயர் முடிச்சை அதன் கைப்பிடியிலும் போட்டுவிட்டேன் என்றேன். பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தாய். “சரி, எடுக்கச் சொல்லுங்க” என்றாய்.

பிறகு உனக்கு முடி கொட்டியபோது துணைக்கு நானும் மொட்டை போட்டேன். ஏற்கெனவே வழுக்கைதான் என்று அத்தை சொல்வது பொறாமை. வார்டு முழுக்க நம் இரண்டு தலைகளையும் பார்த்துச் சிரித்ததே, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

திங்கட்கிழமை கருவை உள்ளே வைக்கப்போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் இரண்டு பேரும் ஊருக்கு வாருங்கள். மாடி அறையைக் கழுவிவிட்டேன். நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு.

உன் ஃபிரிட்ஜ் மாமா

பின்குறிப்பு: ‘முதல்ல அந்த முடிச்சைப் பார்க்கணும், அப்பதான் தைரியம் வரும்’ என்று எழுதியிருக்கிறாயே, தேடாதே. காணோமென்று பயந்துவிடுவாய். என்னை அந்த அறைக்குள் விடவே இல்லை. உருளை, புகை எல்லாம் நர்ஸ் சொன்னது. வாசலில் செருப்பு ஸ்டாண்டு வரைதான் போனேன். வயரைத் திருப்பி எடுத்துவர மனசில்லாமல் அதன் காலில் கட்டினேன். இப்போது அந்த ஸ்டாண்டே இருக்காது. ஆனால் கட்டினேன், அது சத்தியம்.