பச்சைத்தண்ணீர் வால்வு

மாடியில் எதையும் தொடாதே என்று சொல்லியே என்னை வளர்த்த என் அத்தாவுக்கு,

ஸலாம். தொட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் நாற்பதாம் நாள் பாத்திஹாவும் முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்து, "அழுதுரும்மா, உள்ள வச்சுக்காத" என்றார்கள். வராததை எங்கிருந்து கொண்டு வருவது? சோறு வடிக்கிறேன், துணி காயப் போடுகிறேன். கை கால் தன்பாட்டுக்கு வேலை செய்கிறது.

வெந்நீர்க் குழாயில் வெந்நீர் வரவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கார்த்திகை மழையிலும் மார்கழிக் குளிரிலும் அம்மா பச்சைத்தண்ணீரில்தான் குளித்திருக்கிறார், அதிகாலைத் தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளு எடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அதே தண்ணீரில்தான் குளித்தேன். சூடா குளிரா என்று எனக்கு உறைக்கவே இல்லை. இது எப்படி, அத்தா?

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு இளைப்பு வந்து மூச்சுத் திணறியபோதுதான் விழித்தேன். பச்சைத்தண்ணீர்க் குளியல்தான் காரணம், இன்னொரு தடவை இப்படி வந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார் வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டரம்மா. நீங்கள் போனதிலிருந்து அம்மா நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கிறார். வாசல்படி தாண்டுவதை நினைத்தே பயந்துபோனார்.

மாடியில் சோலார் வெந்நீர்த் தொட்டி மாட்டிக் கொடுத்த முருகேசனுக்குப் போன் போட்டேன். "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிறவாக்கா?" என்றார். நம் வீட்டு மாடிப்படிதான் அம்மாவின் அறை வாசலில் தொடங்குகிறதே. இத்தா முடியும்வரை அயல் ஆண்கள் அம்மா கண்ணில் படக் கூடாது. கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்றாலும் அம்மா கேட்கவில்லை. மாமாவுக்கு முழங்கால் வலி, படி ஏற மாட்டார். உங்கள் மருமகன் கோவையிலிருந்து வர இன்னும் ஒரு மாதம் ஆகும்.

"அப்ப போனக் காதுல வச்சுக்கிட்டு நீங்களே மேல ஏறுங்க. பாய் இருந்தவரைக்கும் என்னையக் கூப்ட்டதே இல்ல" என்றார் முருகேசன்.

கண்ணாடிக் குழாய்களில் புழுதி அப்பியிருந்தது. துடைத்தேன். எதிலாவது வெள்ளை படர்ந்திருந்தால் அது உடைந்த குழாய் என்றார். ஒன்றும் இல்லை.

"தொட்டியில இருந்து கீழ எறங்குற பைப்பத் தொட்டுப் பாருங்க. பாத்துக்கா, சுட்டுரும்."

சுட்டது. அப்படியென்றால் தொட்டியில் தண்ணீர் கொதிக்கத்தான் செய்கிறது.

"அப்படியே தொட்டுக்கிட்டே வாங்க. சூடு எங்க நிக்குதோ அங்கதான் கோளாறு."

இரண்டு முழம் தாண்டி ஒரு இணைப்பில் சூடு நின்றது. பக்கத்திலேயே சிவப்புக் கைப்பிடி வைத்த வால்வு. நீங்கள் யாரையும் தொட விடாத வால்வு.

"பக்கத்துல செகப்பு வால்வு இருக்குமே, அது மூடித்தானே இருக்கு?"

"தொறந்திருக்கு."

"அதத் தொறந்தா பச்சத்தண்ணி கலந்து வெந்நிய அமுக்கிருமேக்கா. யாரு தொறந்தது?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான்தான்.

நீங்கள் போன அன்று மத்தியானம் கொல்லையில் திரை கட்டி உங்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வெந்நீர்க் குழாயிலிருந்து டியூப் போட்டிருந்தது. உள்ளேயிருந்து மாமா கத்தினார்: "தண்ணி கொதிக்குது, மச்சான் மேல எப்படி ஊத்துறது?" வாளியில் பச்சைத்தண்ணீர் ஊற்றி விளாவினால் முடிந்துபோகிற வேலை. எனக்கு அது தோன்றவில்லை. உங்களுக்குச் சுட்டுவிடக் கூடாது என்று மாடிக்கு ஓடினேன். திறந்தவள் மூடவில்லை. ஓடியதைக்கூட மறந்துபோனேன்.

மூட ஒரு திருப்புப் போதும். "மூடியாச்சாக்கா?" என்று முருகேசன் மூன்று தடவை கேட்டுவிட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்களுக்காக நான் செய்த கடைசி வேலை அது. அதை எப்படி மூடுவது? கீழே அம்மா இருமுவது கேட்டது. மூடினேன்.

அம்மா குழாயில் கை வைத்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, இத்தன நாளும் ஒரு வார்த்த சொல்லல?"

"அவரு போயிட்டாரு, இனிமே தண்ணி இப்படித்தான் வரும்போலன்னு இருந்துட்டேம்மா."

விளாவிக் கொடுத்துவிட்டு வந்தேன். அம்மா வெகுநேரம் குளித்தார்.

பிறகு நான் போனேன். பழக்கத்தில் விளாவாமல் அப்படியே ஒரு சொம்பு மேலே ஊற்றிக்கொண்டேன். "அத்தா!" என்று கத்திவிட்டேன். அம்மா கதவைத் தட்டினார். அழுதுகொண்டிருந்தேன்.

உறைத்துவிட்டது, அத்தா.

இனி அம்மாவுக்கு வைக்கும் தண்ணீரை முதலில் என் கையில் ஊற்றிப் பார்த்துத்தான் கொடுப்பேன். அந்த வால்வை யார் திறந்தது, எதற்குத் திறந்தது என்று இத்தா முடிகிற அன்று அம்மாவிடம் நானே சொல்வேன். இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

சொன்ன பேச்சுக் கேட்காத
உங்கள் மகள்