இருபது கிலோ மிச்சம்

காடினா, தென் ஆஸ்திரேலியா
24 மே 2023, புதன்கிழமை, காலை மணி 6.40

கடித எண்: 9/2023
பொருள்: 1. வண்டி 2. உன் அம்மா 3. புறப்பாடு

அன்பு மகள் ரோவெனாவுக்கு அப்பா எழுதுவது. இந்த வரியை எழுதும் நிமிடம் வரை நானும் உன் அம்மாவும் உடல்நலத்தோடு இருக்கிறோம். என் இடது முழங்கால் மட்டும் தனக்கென ஒரு கருத்து வைத்துக்கொண்டிருக்கிறது. கோடையில் சூரியன் மறையாமல் இரவே வராத உங்கள் வடகோடி ஊரில் நீயும் மருமகன் ஓட்வாரும் வேளைக்குத் தூங்குகிறீர்களா என்று எழுது. ஜன்னலுக்குக் கெட்டித் துணியில் திரை தைத்து மாட்டச் சொல்லி 12 ஏப்ரல் கடிதத்தில் எழுதியிருந்தேன், பதில் இல்லை. மேலே பொருள் வரிசையில் வண்டிக்கு அடுத்தபடியாக உன் அம்மா வருவது தற்செயல். அவள் அதைப் படித்துவிட்டாள், அதனால் இந்த விளக்கம்.

ஏப்ரல் 30 ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ, “அப்பா, அம்மா அந்த பஸ்ல ஏறிட்டாங்கன்னா, நீங்க கராஜ்லயே டெண்ட் போட்டுப் படுத்துக்கோங்க” என்று சொன்னாய் அல்லவா, அதிலிருந்து தொடங்குகிறேன். சிம்ப்சன் பாலைவனத்தைக் கடப்பதற்கு நான் முதன்முதலில் குறித்த நாள் 7 ஜூன் 2017. இரண்டாவது பேட்டரி வந்து சேராததால் அது தள்ளிப்போயிற்று. 2018இல் வண்டியின் அடியில் உள்ள ஸ்பிரிங் பட்டைகளை மாற்றினேன். 2019இல் பின்பக்க இழுப்பறைகளைத் தொடங்கினேன். 2021இல் அவற்றைப் பிரித்து முறையாக மறுபடியும் செய்தேன். 2020இல் மாநில எல்லை மூடப்பட்டது, 2022இல் மழையால் பாதை மூடப்பட்டது. இவ்விரண்டும் என் செயல் அல்ல என்பதைப் பதிவு செய்கிறேன். இதற்கிடையில் உன் அம்மா, புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப் பெண்கள் முர்ரே ஆற்றங்கரைக்குப் போகும் பஸ்ஸில் பதினான்காம் எண் ஜன்னல் இருக்கையைப் பதிவு செய்துவிட்டாள். மே 26 வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அது கிளம்புகிறது. அதற்கு முன் நம் வண்டி வாசலைத் தாண்டினால் என்னோடு வருவாள், தாண்டாவிட்டால் பஸ்ஸில் போவாள், அதன்பிறகு இந்த வீட்டில் பாலைவனம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்பது அவள் நிபந்தனை. “எனக்கு எழுபத்து மூணு ஆச்சு டெஸ்மண்ட். இன்னும் எத்தனை டிராயர் செய்யப் போற?” என்றாள். பாலைவன ஓரத்து டல்ஹவுசி வெந்நீர் ஊற்றில் மிதப்பதற்காக அவள் 2017இல் வாங்கிய நீல நிற நீச்சலுடை, விலைச்சீட்டு அறுக்கப்படாமல் அலமாரியில் இருப்பதை நீ அறிவாய். அவள் இல்லாமல் தனியாகப் போவது பற்றி நான் எந்த நாளிலும் யோசித்ததில்லை. அதற்கான திட்டம் எதுவும் என்னிடம் இல்லை.

ஆகவே மே 22 திங்கட்கிழமைக்குள் ஏற்பாடுகள் அனைத்தையும் முடித்தேன். கூரைமேல் இரண்டு ஸ்டெப்னி, நூற்றெண்பது லிட்டர் டீசல், எண்பது லிட்டர் தண்ணீர், புதைந்த வண்டியைக் கம்பி சுற்றி இழுக்க முன்னால் வின்ச், மணலில் புதைந்தால் சக்கரத்துக்கடியில் போட நான்கு பலகைகள், மணல்மேட்டின் அந்தப் பக்கம் வருகிறவனுக்குத் தெரியும்படி உயரக் கம்பத்தில் சிவப்புக் கொடி, உதிரி ஸ்டார்ட்டர், அந்த உதிரிக்கு ஓர் உதிரி, பழுது பார்க்கும் சாமானைக் கவ்விப் பிடிக்க இரும்புப் பிடிமேசை, குளிர்பெட்டி, பெயர் ஒட்டிய பதினாறு எஃகு இழுப்பறைகள். பக்கத்து வீட்டு மெக்கானிக் கெவ் டிரெலோர் உள்ளே எட்டிப் பார்த்து, “யோவ் டெஸ்ஸு, பாலைவனத்தத் தாண்டப் போறியா, இல்ல அங்க கடை தொறக்கப் போறியா?” என்றான். அவன் வண்டியில் ஸ்பானர்கள் பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன என்பதை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

திங்கள் காலை பத்து மணிக்கு ஆட்டுச் சந்தை எடைமேடைக்குப் போனோம். நம் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,300 கிலோ. அதைத் தாண்டினால் அச்சு முறியலாம், பிரேக் பிடிக்காது, காப்பீடும் செல்லாது. உன் அம்மா காற்றாட நிற்கிறேன் என்று பிளாஸ்கோடு ஓரமாக இறங்கிக்கொண்டாள். எடைபோடும் க்ளெனிஸ் சன்னல் வழியாக 3,280 என்று கூவினாள். ரோவெனா, ஆறு ஆண்டு உழைப்பு இருபது கிலோ மிச்சத்தோடு தேறிவிட்டது! நான் இறங்கி, உன் அம்மாவிடம், “லோர்னா, இருபது கிலோ மிச்சம்” என்று அறிவித்தேன். அப்போதுதான் க்ளெனிஸ், “அம்மா வண்டில வரலையா?” என்று கேட்டாள். டீசலைச் சேர்த்திருந்தேன், தண்ணீரைச் சேர்த்திருந்தேன், என்னையும் என் பூட்ஸையும் சேர்த்திருந்தேன். உன் அம்மா பிளாஸ்கின் மூடியை மெதுவாகத் திருகி மூடினாள். “அந்த இருபது கிலோல என்னோட எந்தப் பாகம் வருது டெஸ்மண்ட்? தலையா, காலா?” என்றாள். பின்னால் ஆட்டு லாரியில் காத்திருந்த ஓட்டுநர், இவ்விஷயத்தில் எந்தத் தொடர்பும் இல்லாதவன், “தலைய மட்டும் ஏத்தி விடுங்கம்மா, இல்லைன்னா பெரியவரு வழி தெரியாமச் சுத்துவாரு” என்று கத்தினான். அவன் லாரியிலிருந்த ஆடுகளும் சும்மா இருக்கவில்லை.

வீடு திரும்பும் வரை அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி வந்தாள். வந்ததும் கிளப்புக்குத் தொலைபேசி செய்து பதினான்காம் எண் இருக்கையை உறுதி செய்தாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எனக்குக் கேட்கும்படியாகவே.

மறுநாள் செவ்வாய் காலை ஏழு மணிக்குக் கெவ்வை அழைத்து இழுப்பறைகளைக் கழற்றினேன். இரண்டு குளிர்காலம் செலவழித்துச் செய்தவை. கழற்ற நாற்பது நிமிடம் ஆயிற்று. கெவ் கழற்றிய ஆணிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் தன் பிஸ்கட் டப்பாவில் சேர்த்தான், அதை நான் மறக்கமாட்டேன். பிடிமேசை, உதிரியின் உதிரி, இரண்டாம் கருவிப்பெட்டி எல்லாம் இறங்கின. சாமான்கள் பால்காரரின் பிளாஸ்டிக் கூடைகளுக்கு மாறின. உன் அம்மா 2017லேயே அந்தக் கூடைகளைத்தான் சொன்னாள். இனி அவளுக்கு எத்தனை கிலோ ஒதுக்குவது என்பதே கேள்வி. நாற்பத்தெட்டு ஆண்டு மணவாழ்வில் அவள் எடையை நான் கேட்டதில்லை; இது கேட்பதற்கு உகந்த காலை அல்ல என்றும் கருதினேன். எனவே கோழித்தீவனச் சாக்குகள், ஒவ்வொன்றும் இருபது கிலோ, ஐந்தை எடுத்து அவள் இருக்கையில் அடுக்கிப் பெல்ட்டையும் மாட்டினேன். அவளுடைய பெட்டிக்கும் சேர்த்துத்தான் ஐந்து என்பதை நீயாவது நம்பு. கெவ், “சாக்குக்கு பெல்ட் வேறயா? ஜன்னல் சீட்டு குடுத்திருக்க, பரவால்ல” என்றான்.

அந்த நேரம் பார்த்து உன் அம்மா துணி உலர்த்த வெளியே வந்தாள். கூடையைத் தரையில் வைத்தாள். கதவைத் திறந்தாள். விரல் விட்டு எண்ணினாள். “அஞ்சா?” என்றாள். பெட்டியைப் பற்றிய என் விளக்கம் தொடங்குவதற்குள் முதல் சாக்கு புல்தரையில் விழுந்தது. “அஞ்சா, டெஸ்மண்ட்?” இரண்டாவது. கெவ் தன் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். ஐந்தையும் தள்ளிவிட்டு அவளே ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு, “எடு வண்டிய. க்ளெனிஸ் சொல்லட்டும், நான் எத்தனை சாக்குன்னு” என்றாள். பின்பக்கம் திரும்பிப் பார்த்தவள், இழுப்பறைகள் இருந்த இடத்தில் பால்காரரின் கூடைகள் நிற்பதைக் கண்டாள். “எங்க அது?” என்று கேட்டாள். கராஜில் இருக்கிறது என்றேன். அவள் கை நீட்டி ஒரு கூடையைத் தட்டிப் பார்த்தாள். பிறகு இறங்கி உள்ளே போய்ப் பெட்டி, மடக்கு நாற்காலி, இரண்டு தலையணை, பெரிய தேநீர்க் கெண்டி ஆகியவற்றைக் கொண்டுவந்து ஏற்றினாள். தன் எடையை நான் கழித்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதே நோக்கம் என்று தானாகவே தெரிவித்தாள்.

மறுபடி எடைமேடைக்குப் போனோம். க்ளெனிஸ் 3,240 என்றாள். அறுபது கிலோ மிச்சம். பிடிமேசையை மட்டும் திரும்ப ஏற்றலாமே என்று நான் வாயெடுத்தேன். “அறுபதும் என்னுது” என்றாள் உன் அம்மா. நேற்று மாலை நீச்சலுடையின் விலைச்சீட்டை என் தபால் கத்தரியால் அறுத்தாள்.

நாளை 25 மே வியாழக்கிழமை காலை 6.30க்குப் புறப்படுகிறோம். செயற்கைக்கோள் தொலைபேசியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அழைப்போம். ஜூன் 14 மாலைக்குள் பாலைவனத்தின் மறுபக்கம் உள்ள பேர்ட்ஸ்வில்லிலிருந்து எங்கள் குரல் வராவிட்டால் மட்டும் காவல் நிலையத்துக்குச் சொல். அதற்கு ஒரு நாள் முன்னும் பதறாதே. ஓட்வார் உங்கள் காரின் மேல் பெரிய பெட்டி பொருத்தப் போவதாக எழுதியிருந்தாய். அளவெடுப்பதற்கு முன் நீ வருகிறாயா என்று உன்னிடம் கேட்கச் சொல். டயர் காற்றை மாதத்தின் முதல் திங்களன்று பார். கோழிகளைக் கெவ் கவனிப்பான், தீவனத்துக்குக் குறைவில்லை.

நீங்கள் இருவரும் குறைவின்றி நீடு வாழ எங்கள் ஆசிகள். திரை விஷயத்தை மறவாதே.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
டெஸ்மண்ட் ஆர். பாஸ்கோ

இணைப்புகள்:
1. பாதை வரைபடம், தங்குமிடத் தேதிகளுடன்.
2. எடைச்சீட்டுகள் இரண்டு: 22 மே, 23 மே.
3. கராஜ் சாவியின் நகல்.
4. பஸ் பயணச்சீட்டு, இருக்கை எண் 14, இரண்டாகக் கிழிக்கப்பட்டது. கிழித்தவர் உன் அம்மா. நேர்கோட்டில் கிழிக்கவில்லை, அப்படியே அனுப்புகிறேன்.