உன் இருமலை அளந்த நாள்

பக்கத்து வீட்டில் மிளகாய் வறுக்கிறார்கள். எழுந்து சன்னலை அடைப்பதற்குள் நெடி ஏறி இருமல் பிடித்துக்கொண்டது. வயிறு எக்கி, கண்ணில் தண்ணீர் முட்டி, தெருவுக்கே கேட்கும்படி இருமினேன். அடங்கியதும் கோபம்தான் வந்தது. இந்தக் கிழவனுக்கு எதற்கு இவ்வளவு பலமான இருமல்? இதில் பாதி உனக்கு இருந்திருந்தால் ஒரு மடக்குச் சாயாவாவது குடித்துவிட்டுப் போயிருப்பாய்.

அஞ்சுகிராமம் சந்தைக்குப் போன ஆட்டோ கவிழ்ந்து உன் தலையில் அடிபட்டபோது, உயிர் தப்பியதே பெரிது என்றார்கள். கண் திறந்தாய். என்னை அடையாளம் கண்டாய். பேச்சு வரவில்லை, வலது பக்கம் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் போட்டு அதன் வழியே கஞ்சித் தண்ணீர் விட்டார்கள். அடுத்த கட்டிலுக்குச் சாயா வரும்போதெல்லாம் உன் கண் அந்தக் கிளாஸுக்குப் பின்னாலேயே போகும். குழாயை எடுங்கள், வாயில் கொடுத்துப் பார்க்கிறேன் என்று நான் கேட்காத ஆள் இல்லை. முதலில் இருமலைப் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் ஒரே பாட்டாகப் பாடினார்கள். குடிப்பது வழி தவறி நுரையீரலுக்குள் இறங்கினால் அதை இருமி வெளியே தள்ளப் பலம் வேண்டுமாம். தலையில் அடிபட்டவர்களுக்கு அந்தப் பலம் போய்விடுவது உண்டாம்.

நான் யாரிடமும் போய் வேலை படித்தவன் இல்லை, உனக்குத் தெரியும். மோட்டார் பம்பைப் பிரித்துப் பூட்டியே கற்றவன். இருமலைச் சோதிக்க வந்த மயிலாடிக்காரப் பெண், மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், தொண்டையை அடைத்து அழுத்தம் ஏற்ற வேண்டும், பிறகு ஒரே வீச்சில் திறந்து விட வேண்டும், அதுதான் இருமல் என்றபோது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பிடிபட்டதனால் சண்டையும் போட்டேன். இருமும் காற்றின் வேகத்தை அளக்க உன் வாயில் அவள் வைத்த மீட்டரில் முள் அசையவில்லை. உதடு கோணியிருக்கிறதே, காற்றெல்லாம் ஓரமாக ஒழுகுகிறதே, பிறகு எப்படி முள் ஏறும் என்று கேட்டேன். அவள் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் ஒன்றை மாட்டி மறுபடி பார்த்தாள். முள் கொஞ்சம் நகர்ந்து விழுந்தது.

நான் விடவில்லை. பிற ஆள் முன்னால் சேலைத் தலைப்பை வாயில் வைக்காமல் நீ இருமியதே கிடையாது. அதைச் சொல்லி, “சொன்ன ஒடனே இருமுகதுக்கு இவ என்ன டேப் ரிக்கார்டரா?” என்று கேட்டேன்.

“அப்பம் நீங்க ஒருக்கா இருமிக் காட்டுங்கோ பாட்டா. பாட்டி பாத்துச் செய்யட்டு” என்றாள்.

உன் கால்மாட்டில் நின்று இருமினேன். அடுத்த கட்டிலுக்குத் துணையிருந்தவன், முதலில் இந்தப் பாட்டாவுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னான். உன் உதட்டின் இடது ஓரம் மட்டும் சிரித்தது.

சொன்னதைக் கேட்டு இருமுவது வேறு, தானாக வரும் இருமல் வேறு, இரண்டையும் பார்க்க வேண்டும் என்று, பிறகு எலுமிச்சைப் புளிப்பைப் புகைபோல உன்னை இழுக்கவைத்தார்கள். இருமல் வந்தது. தொண்டையோடு நின்றது. குழாய் இருக்கட்டும் என்று முடிவானது.

அவள் மாஸ்க்கைக் கழற்றும்போதுதான் அது நடந்தது. நீ இரண்டு முறை செருமினாய். சின்னதாக, ஒன்றன்பின் ஒன்றாக.

கல்யாணம் ஆகி வந்த புதிதில் வீடு நிறைய ஆட்கள். என் பெயரை நீ சொல்லக்கூடாது. அடுக்களை வாசலில் நின்று இரண்டு செருமல் செருமுவாய். என் அம்மை, “ஏலே, ஒனக்கு விளி வந்தாச்சு, போ” என்பாள். அவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்த பிறகும், நாம் இருவர் மட்டும் இருந்த வீட்டிலும், நீ அப்படித்தான் கூப்பிட்டாய்.

அந்தப் பெண் மீட்டரைப் பைக்குள் வைத்துக்கொண்டே, “அது இருமல் கணக்குல சேராது பாட்டா” என்றாள்.

“இருமல் இல்ல மக்கா. அவ என்னைய விளிச்சதாக்கும்.”

அவள் கை நின்றுவிட்டது. கட்டிலை விட்டு விலகி எனக்கு வழி விட்டாள். “அப்பம் கேளுங்கோ, என்ன வேணும்னு.”

கேட்டேன். சாயாவா என்றேன். தண்ணியா என்றேன். திருப்பிப் படுக்க வைக்கவா, வலிக்கிறதா, மகனுக்குப் போன் போடவா, வீட்டுக்குப் போகணுமா என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே பார்வை பார்த்தாய். ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. பிறகு களைத்துக் கண்ணை மூடிக்கொண்டாய். அந்த வாரமே சளி நெஞ்சில் கட்டிக் காய்ச்சல் வந்தது. அதற்கப்புறம் நீ என்னைக் கூப்பிடவில்லை.

அந்த மீட்டரை நான் இன்னும் ஒப்பவில்லை. ஆனால் யாரோடு சண்டை போடுவது? அந்தப் பெண் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தாள். என் வேலை, நீ கூப்பிட்டால் வந்து என்னவென்று கேட்பது. நானும் வந்தேன், கேட்டேன். எதைக் கேட்காமல் விட்டேன் என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை. கை வேலையில் இருக்கும்போது ஒவ்வொன்றாகத் தோன்றுகிறது. நேற்று ஒரு தோட்டத்தில் பம்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். உன் கட்டிலுக்கு நேர் மேலே ஓடிய காற்றாடி நினைவுக்கு வந்தது. குளிருதா என்று நான் கேட்கவே இல்லை.