நான் எழுதாத நான்கு வரி

மாசி 14, வியாழன். இரவு.

உடம்பெல்லாம் அலுப்பு. அந்நியத் துணி விற்கிற கடைக்காரரைக் கேலி செய்து நான் எழுதிய கதை இந்த வாரப் பத்திரிகையில் வந்திருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே இடத்தைத்தான் மெச்சினார்கள். மறியல் செய்யும் தொண்டர்களிடம் கடைக்காரர், "சரி, கடையை மூடிடுறேன். எம்பிள்ளைகளுக்கு ஒங்க கோஷத்தையா வடிச்சுப் போட?" என்று கேட்கிற இடம்.

அதை நான் எழுதவே இல்லை.

அச்சகத்துக்குப் போனேன். அச்சுக் கோர்க்கும் மாயாண்டி ஒளிக்கவில்லை. "பக்கம் நெறையலண்ணே. நாலு வரிக்கு எடம் கெடந்துச்சு. ஒங்க கதையில அம்புட்டுப் பேரும் பேசுறாக, அந்தாளு மட்டும் வாயே தெறக்கல. எங்க மச்சான் ஜவுளிக்கடை வச்சிருக்காரு. அவரு சொன்னதைக் கோத்துட்டேன்."

வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன். மறியலில் அடிபட்ட தோள் இன்னும் வலிக்கிறது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அந்த நான்கு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அடுத்த கதை ஒரு தாசில்தாரைப் பற்றியது. இப்போதுதான் முடித்தேன். அவர் பேச வேண்டிய இடத்தில் எத்தனை தடவை எழுதினாலும் நான்தான் பேசுகிறேன். அடித்துவிட்டு, நான்கு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். மாயாண்டிக்குத் தாலுகா ஆபீசிலும் ஒரு மச்சான் இருந்தால் தேவலை.