எ லிட்டில் என்றால் எவ்வளவு

நவம்பர் 18, 2025
பேரன் சபரீஷ் போன் செய்தான். டிசம்பர் பத்தாம் தேதி மெல்போர்னிலிருந்து மூன்று பேரும் வருகிறார்கள். எங்கே தங்குவது என்று முடிவாகவில்லையாம். "லோகப்பிரியா யோசிக்கறா அப்பத்தா" என்றான். அவன் பெண்டாட்டி என்ன யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா?

போன தடவை, 2023 ஆனி மாதம், வெள்ளிக்கிழமை. கொள்ளுப்பேத்தி நித்யஸ்ரீக்கு அப்போது நாலு வயது. இங்கிலீஷ் மட்டும்தான் பேசுவாள். சோறு போடும்போது "எ லிட்டில்" என்றாள். கொஞ்சம் என்கிறாள் என்று புரிந்தது. புரிந்தும் மூன்று கரண்டி போட்டேன். எங்கள் தொண்டாமுத்தூர்ப் பக்கம் பந்தியில் 'போதுங்க' என்றாலே இன்னும் ஒரு கரண்டி வைக்க வேண்டும், வைக்காவிட்டால் பேச்சாகிவிடும். பிள்ளை ஊட்ட ஊட்டத் தின்றுவிட்டு வாந்தி எடுத்தது. சாயங்காலமே பெட்டியோடு ஆர்.எஸ்.புரம், லோகப்பிரியாவின் அம்மா ரங்கநாயகி வீட்டுக்கு. "அவங்களுக்கு அளவு தெரியாதுங்க" என்று அந்தம்மா என் மகனிடமே சொன்னாள். மறப்பேனா?

நவம்பர் 21
எதிர் வீட்டு இஃப்ரா பள்ளிக்கூட டீச்சர். அவளிடம் போய் உட்கார்ந்தேன். கொஞ்சத்துக்கு இங்கிலீஷில் என்னென்ன இருக்கிறது, எது எதற்கு? எண்ண முடியாததற்கு எ லிட்டில் — ரசம், மோர், சோறு. எண்ண முடிந்ததற்கு எ ஃபியூ — வடை, முறுக்கு.
"சோத்துப் பருக்கைய எண்ண முடியாதா?"
"நீங்க எண்ணிட்டு வாங்க பாட்டி, அப்புறம் மாத்திக்கலாம்." கொழுப்பு.
முன்னால் உள்ள 'எ'வை விட்டுவிட்டால் கிட்டத்தட்ட இல்லை என்று ஆகிவிடுமாம். 'எ பிட்' என்பது எ லிட்டில் மாதிரியே, வீட்டுப் பேச்சு. எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

நவம்பர் 30
வார்த்தை வந்துவிட்டது. கை வரவில்லை. இஃப்ராவை உட்கார வைத்துப் பரிமாறிப் பழகினேன். "எ லிட்டில்" என்கிறாள். இரண்டாவது கரண்டி தானாகப் போகிறது.

டிசம்பர் 10
வந்துவிட்டார்கள். நாலு நாள்தான் இங்கே, பிறகு ஆர்.எஸ்.புரமாம். பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

டிசம்பர் 11
"ரைஸ்?" என்றேன். "எ லிட்டில்." ஒரே கரண்டி. வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பாதித் தட்டு வெறுமையாக — பார்க்கவே வயிறு எரிகிறது. எல்லாம் சாப்பிட்டாள். பிறகு அவளே "எ ஃபியூ பீன்ஸ்" என்றாள். எண்ணி ஐந்து வைத்தேன்.

டிசம்பர் 13
ரங்கநாயகி மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். பேத்திக்குத் தானே பரிமாறுகிறேன் என்று கரண்டியை வாங்கிக்கொண்டாள். பிள்ளை "ஜஸ்ட் எ பிட்" என்கிறது. "அதெல்லாம் பத்தாது கண்ணு" என்று இரண்டு, மூன்று. பிள்ளை முகம் சுருங்கி என்னைப் பார்த்தது.
"போதுங்க சம்பந்தி. அவ கேட்டது அவ்வளவுதானுங்க." அதிகம் விழுந்ததை எடுத்து என் தட்டில் போட்டுக்கொண்டேன்.
"கொழந்த எளச்சுக் கெடக்குது. ரெண்டு வாய் சேத்தித் தின்னா என்னங்க?"
நான் பேசுகிற பேச்சை இவள் பேசுகிறாள்! யாருக்கு அளவு தெரியாது என்று கேட்க வாய் வரை வந்தது. பிள்ளை இருக்கிறதே — விழுங்கிவிட்டேன். லோகப்பிரியா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

டிசம்பர் 14
கிளம்ப வேண்டிய நாள். காலையில் லோகப்பிரியா பெட்டியைத் திறந்தாள். "அப்பத்தா, இந்தத் துணியெல்லாம் வைக்க எடம் இருக்குங்களா?"
என் சேலைகளைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன். அலமாரியில் நடுத்தட்டு முழுக்க இப்போது குட்டிக் கவுன்கள்.