இருபத்தொன்றாவது இடத்தில் மூன்று

புரட்டாசி 8, திங்கள்

விடியலில் தூறல். மக்காச்சோளக் காட்டுக்குக் களையெடுக்க ஆள் வரவில்லை. ரேஷனில் இன்று பருப்பு.

பேத்தி பிறந்து இருபத்தாறு நாள். டவுன் சிண்ட்ரோம் போல இருக்கு, ரத்தம் எடுத்துப் பார்க்கணும் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து மகள் கவிதா என்னோடு பேசுவதில்லை. இருப்பது என் வீட்டில்தான். சோறு போதும் என்பதைக்கூடப் புருஷனிடம்தான் சொல்கிறாள்.

புருஷன் வேறு யார், என் கூடப்பிறந்த தம்பி முருகேசன். தாய்மாமனுக்கே கட்டி வைத்தது நான். "வாங்க மாப்ள" என்று கும்பிட்டு அவனை ஓட்டாத நாளில்லை. இப்போது கேலி வரமாட்டேன் என்கிறது.

குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி, என் காதில் விழட்டும் என்றே: "ரத்தத்துக்குள்ளயே குடுத்தா இப்புடித்தான்."

குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். 

10, புதன்

பெரம்பலூரில் பஸ் மாறி அரியலூர். பிறந்த வாரமே எடுத்த ரத்தத்துக்கு ரிசல்ட் வந்துவிட்டது.

டாக்டரம்மா ஒரு தாள் காட்டினார். சின்னச் சின்னப் புழு போலக் கோடுகள், ஜோடி ஜோடியாக. குரோமோசோமாம். விரல் வைத்து எண்ணினேன். இருபத்தொன்றாவது இடத்தில் மட்டும் மூன்று. குறை என்று நினைத்தேன், இது ஒன்று கூட!

நகத்துக்குள், இமைக்குள், நாக்குக்குள், எங்கே பார்த்தாலும் அப்படித்தானாம். எனக்குள்ளும் ஜோடிகள் இருக்காம், நாற்பத்தைந்து வருசமாய் எனக்கே தெரியாமல். வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் கேட்டுவிட்டேன். "தம்பிக்கே மகளைக் குடுத்தேனே, அதனாலயாம்மா?"

"சொந்தத்துல கட்டுனா வேற சில நோய் வரலாம். இது அதனால வர்றதில்லைங்க. கரு உண்டாகும்போது தற்செயலா நடக்குறது. யாரு மேலயும் தப்பில்ல."

கவிதா தாளையே பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் முருகேசன் வேர்க்கடலை வாங்கி நீட்டினான். மூன்று பேரும் தின்றோம்.

13, சனி

வெயில். துணி காய்ந்தது. தாளில் பார்த்த மூன்றும் இந்தப் பூங்கையில் எங்கே உட்கார்ந்திருக்கும் என்று விரல்களை விரித்து விரித்துப் பார்த்தேன். குட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு சின்னதுக்குள் அவ்வளவு கணக்கு.

கவிதா குளித்து வந்தாள். தலையைத் துவட்டாமல் அப்படியே நின்றாள். பிள்ளையை வாங்கத்தான் என்று நீட்டினேன். வாங்கவில்லை.

"கழுத்து நிக்கலம்மா. கைய அடியில குடுத்துத் தூக்கு."

கழுத்தடியில் கை கொடுத்தேன்.