இடது காலுறையை நானே போட்டுக்கொண்டேன்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். எல்லாக் கடிதத்திலும் இந்த வரியை எழுதுகிறவன்தான், ஆனால் இரண்டு வருடமாக அதில் பாதி பொய், இன்றைக்கு முழுவதும் உண்மை. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போன் வந்ததும் அம்மா எடுத்துக்கொள்கிறாள், என் கைக்கு வரும்போது கடைசி ஒரு நிமிடம் மிச்சமிருக்கும், அதில் சாப்பிட்டாயா என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் வாயில் வருவதில்லை. மேலும் அம்மாவுக்குத் தெரியாமல் உன்னிடம் கேட்க வேண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. அவள் கடைக்குப் போயிருக்கிறாள். கை பரபரக்கிறது, எதையாவது விட்டுவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது, ஆகையால் சொல்ல வந்ததை முதலிலேயே எண் போட்டு வைக்கிறேன், சிரிக்காதே.

1. நேற்றுக் காலை நடந்தது.
2. என் இடுப்பு வலி குறைந்த விதமும், அதில் நான் செய்த முட்டாள்தனமும்.
3. உன் இடுப்புக்குச் சில யோசனைகள்.
4. அம்மா இந்த இரண்டு வருடமாக உன்னிடம் வராமல் இருப்பதற்குக் காரணம் என் இடுப்பு, வேறெதுவும் இல்லை.
5. ஆகையால் நீ செய்ய வேண்டியது.

நேற்றுக் காலை ஏழு பத்துக்குக் குளித்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். அம்மா பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இந்தக் குளிரில் எனக்குக் காலுறை இல்லாமல் முடியாது என்பதும், இரண்டு வருடமாக அதைத் தினமும் அவள்தான் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து போட்டுவிடுகிறாள் என்பதும் உனக்குத் தெரிந்திருக்காது, நாங்கள் சொன்னதில்லை. எனக்கு அது ஒவ்வொரு நாளும் வெட்கமாக இருந்தது. நேற்று என்ன தோன்றியதோ, இடது காலை மெதுவாகத் தூக்கி வலது முழங்கால்மேல் வைத்தேன், மூச்சை விட்டுக்கொண்டே குனிந்தேன், கட்டை விரலில் காலுறையின் வாயை மாட்டினேன், இழுத்தேன், குதிகால் வரைக்கும் வந்துவிட்டது! ஒருமுறை நடந்தது தற்செயலாக இருக்கலாம் என்று கழற்றிவிட்டு மறுபடி போட்டேன். மூன்றாம் முறையும் போட்டேன். பிறகு வலது கால். அம்மா ஈரக் கையோடு உள்ளே வந்து பார்த்துவிட்டு, யார் போட்டுவிட்டாங்க என்றாள். வீட்டில நம்ம ரெண்டு பேரை விட்டா யார் இருக்கா என்றேன். அவள் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள், அப்புறம் நல்லதுதான் என்று சின்னக் குரலில் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள், உடனே ஒரு பாத்திரம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் கை நழுவியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது விஷயம். நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் சாய்வு மேசைமேல் குனிந்து வரைபடம் போட்டவனுக்கு இடுப்பு வலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம், ஆனால் அது ஓய்வு பெற்றபின் வந்து உட்கார்ந்துகொண்டது. முதல் வருடம் நான் அதற்குச் செய்த வைத்தியம் படுத்தே கிடந்தது, அதுதான் அதை இன்னும் இறுக்கிவிட்டது என்று இப்போது தெரிகிறது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்புக்கு வயதாகியிருக்கிறது, ஆபத்து எதுவும் இல்லை, அறுவைச் சிகிச்சை தேவையில்லை, போய் உடம்பை அசையுங்கள் என்று ஒரு பிசியோதெரபிப் பெண்ணிடம் அனுப்பினார். உன்னைவிடச் சின்னவள், ஆனால் தலைமையாசிரியை மாதிரி பேசுவாள். ஐந்து பயிற்சிகளைப் படம் போட்டு ஒரு தாளில் கொடுத்தாள். படங்கள் சரியில்லை சிட்டு, மூன்றாவது படத்தில் இருக்கிறவனுக்கு வலது கால் இடது காலைவிட நீளம். அவளிடம் சொல்லத் தைரியம் இல்லை, வீட்டுக்கு வந்து ஐந்தையும் அளவெடுத்து நானே புதிதாக வரைந்து படுக்கையறைச் சுவரில் ஒட்டினேன். முழங்காலை எவ்வளவு மடக்குவது என்று அவள் சொல்லவில்லை, முடிஞ்ச வரைக்கும் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். முடிந்த வரைக்கும் என்பது ஓர் அளவா? அதனால் என் பழைய பாகைமானியை எடுத்து அம்மா கையில் கொடுத்தேன். நான் தரையில் மல்லாந்து கிடக்க, அவள் குனிந்து என் தொடைமேல் பாகைமானியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தானா கீழ்வீட்டுத் தையல்காரர் என் கால்சட்டையைக் கொடுக்க மேலே வர வேண்டும்? என்னம்மா, சாரையே கட்டிங் போடுறீங்களா என்று கேட்டுவிட்டுப் படி முழுக்கச் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

இப்படி மூன்று வாரம், ஒரு நாள் தவறாமல், ஒவ்வொரு நீட்டலையும் பத்து எண்ணும்வரை பிடித்துவைத்துச் செய்தேன். வலி குறையவில்லை, கொஞ்சம் கூடியே இருந்தது. பயிற்சி சரியாகத்தான் இருக்கும், என் உடம்புதான் சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அதைச் சொல்லப் போவதற்கே பயந்து இரண்டு முறை மருத்துவமனை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். மூன்றாவது முறை அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பிசியோதெரபிப் பெண், எங்கே ஐயா, என் முன்னாடி ஒரு தடவ செய்யுங்க என்றாள். செய்தேன். ஏழு எண்ணும்போது என் தோளைத் தட்டி, ஐயா, மூச்சு விடுங்க என்றாள். விட்டுக்கிட்டுத்தானேம்மா இருக்கேன் என்றேன். எங்க விடுறீங்க, முகமே சிவந்து போச்சு என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மைப்பேனாவால் நீளமான எல்லைக்கோடு இழுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வோம், மூச்சு விட்டால் கை அசையும், கை அசைந்தால் இரண்டு பேருடைய நிலம் மாறிப்போகும். முப்பத்தொரு வருடப் பழக்கம், கவனமாகச் செய்ய வேண்டிய எதைத் தொட்டாலும் எனக்கு மூச்சு தானாக நின்றுவிடுகிறது! மூச்சை அடக்கினால் இடுப்புத் தசையும் சேர்ந்து இறுகிக்கொள்ளும், இறுகின தசையை இழுத்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்று அவள் விளக்கினாள். மருந்தாக அவள் சொன்னது ஒன்றே ஒன்று, வாய்விட்டு எண்ணுங்கள், எண்ணுகிறவனால் மூச்சைப் பிடிக்க முடியாது. பாகைமானியையும் உள்ளே வைக்கச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வீடு அதிர எண்ணுகிறேன். அம்மாவும் சமையலறையிலிருந்து கூடவே எண்ணுகிறாள், அடுப்பில் பால் பொங்கும் நாளில் பத்து சீக்கிரம் வந்துவிடும், என்மேல் கோபமாக இருக்கும் நாளில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே காய் நறுக்கி முடித்துவிடுவாள். ஐந்தாவது வாரத்திலிருந்து நன்றாக இறங்க ஆரம்பித்தது. நேற்றோடு பதினான்கு வாரம்.

மூன்றாவது, உன் விஷயம். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பல் பார்க்கிறவள் நீ, போன மாதம் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று அம்மாவிடம் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். மருத்துவம் படித்தவளுக்கு நான் சொல்வது அதிகப்பிரசங்கம்தான், இருந்தாலும் கேள். ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் எழுந்து நின்று, இரண்டு கையையும் இடுப்பின் பின்னால் வைத்து மெதுவாகப் பின்னால் சாய், நாலைந்து தடவை போதும். நீ குனியாதே, அவருடைய நாற்காலியை உயர்த்திக்கொள். காலையில் விரிப்பில் மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மார்புப் பக்கம் கொண்டுவந்து இரண்டு கையாலும் கட்டிக்கொள், பிறகு அடுத்தது. இரண்டு முழங்காலையும் மடக்கி வைத்து இடமும் வலமும் மெதுவாகச் சாய். அப்படியே படுத்தபடி இடுப்பை மட்டும் தரையிலிருந்து தூக்கி இறக்கு. பிறகு கையையும் முழங்காலையும் ஊன்றி, பூனை சோம்பல் முறிப்பதுபோல முதுகை மேலே வளைத்துக் கீழே இறக்கு, குட்டி பார்த்தால் முதுகில் ஏறிக்கொள்ளும், ஏற விடாதே. கடைசியில் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டிக் காலை நீட்டித் தூக்கினால் தொடையின் பின்பக்கம் இழுக்கும், இழுக்கலாம், ஆனால் வலிக்கக் கூடாது, குலுக்கவும் கூடாது. தினமும் இருபது நிமிடம் நட. கால் மரத்துப்போனாலோ, வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போ, சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டால் ஒரு நாள் கூடத் தள்ளாதே. இதெல்லாம் நானாகச் சொல்லவில்லை, அந்தப் பெண் சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்தே வருகின்றன. நீ ஒவ்வொரு முறை அம்மாவைக் கூப்பிடும்போதும் அவள், அவரை விட்டுட்டு எப்படிடி வருவேன், கீழே விழுந்த பேப்பரைக் கூட அவரால எடுக்க முடியாது என்று சொல்வது என் காதில் விழும். குட்டி பிறந்து, தவழ்ந்து, நடந்து, இப்போது பேசவும் ஆரம்பித்தாயிற்று, எல்லாவற்றையும் அவள் போன் திரையில்தான் பார்த்தாள், அதற்குக் காரணம் நான். வலி போக வேண்டும் என்பதைவிட, அவள் என்னைத் தனியே விட்டுப் போகலாம் என்ற நிலைக்கு வர வேண்டும் என்றுதான் இந்தப் பதினான்கு வாரமும் தரையில் உருண்டேன். தனியாக இருக்க என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டேன், கீழ்த்தட்டிலிருந்து குக்கர் எடுப்பது, பாதி வாளித் தண்ணீர் தூக்குவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, எல்லாவற்றிலும் டிக் அடித்தாயிற்று. காலுறைதான் பாக்கி இருந்தது. கால் நகம் மட்டும் இன்னும் எட்டவில்லை, அதற்குத் தையல்காரர் வருகிறேன் என்கிறார், துணி வெட்டுறவன் நகம் வெட்ட மாட்டேனா என்று கேட்கிறார், எனக்குத்தான் கொஞ்சம் நடுக்கமாக இருக்கிறது. ஆகையால் வரும் ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து அம்மாவை மட்டும் மூன்று மாதத்துக்குக் கூப்பிடு, மறுப்புச் சொல்ல இடம் கொடுக்காமல் டிக்கெட்டையும் போட்டுவிடு, நான் எழுதினதாகச் சொல்லாதே.

இவ்வளவு எழுதி முடித்து உறை தேடிக்கொண்டிருக்கும்போது அம்மா வந்துவிட்டாள். தாளை மறைக்கப் பார்த்தேன், இத்தனை வருடத்தில் அவளிடம் எதை மறைத்திருக்கிறேன், இதை மறைக்க? பையைக் கூட இறக்காமல் நின்றபடி படித்தாள். நான்காவது எண்ணுக்கு வந்ததும் பெரிதாகச் சிரித்தாள், சிரித்தவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஏங்க, உங்க இடுப்புக்காகவா நான் போகலன்னு நெனச்சீங்க என்றாள். பின்ன என்றேன். எனக்குப் பயங்க என்றாள். நடுவில் ஏதோ ஊரில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டுமாம், அந்தக் கட்டிடம் ஒரு ஊர் பெரிசு இருக்குமாம், எந்தக் கதவு என்று யாரிடம் எந்த மொழியில் கேட்பது, வழி தவறிவிட்டால் யார் தேடுவார்கள், இதையே நினைத்து இரண்டு வருடமாகப் பயந்துகொண்டிருக்கிறாள். மகளிடம் பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்ததாம், என் வலி கையில் இருந்ததால் அதையே சாக்காக வைத்துக்கொண்டாளாம். நேத்து நீங்க காலுறையோட உக்காந்திருந்ததப் பாத்ததும் எனக்கு இருந்த சாக்கும் போச்சேன்னு ஆயிடுச்சுங்க, இனிமே அவகிட்ட என்ன சொல்லுவேன்னு, அதான் பாத்திரத்தப் போட்டேன் என்றாள். சிட்டு, பஸ் கண்டக்டரை வழியில் இறக்கிவிட்டுவிடுவாள் போல சண்டை போடுகிறவள் உன் அம்மா. இந்த வீட்டில் பயப்படுகிறவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அவளே, நீங்க கூட வந்தா நான் வருவேன், நீங்கதான் எந்த மேப்பையும் பாத்ததும் படிச்சுடுவீங்களே என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் வருவதா? பதிமூன்று மணி நேரம் என்னால் உட்கார முடியாதே என்றேன். உங்கள யாரு உக்காரச் சொன்னா, நடந்துக்கிட்டே வாங்க என்றாள். நான் உடனே அந்தப் பிசியோதெரபிப் பெண்ணுக்குப் போன் செய்தேன், யாரும் சொல்லாமல் நானாக ஒருவருக்குப் போன் செய்தது இதுதான் முதல் தடவை என்று அம்மா சொல்கிறாள். முடியும் என்று அவள் சொல்லிவிட்டாள், சிட்டு! இன்னும் ஆறு வாரம், உட்காரும் நேரத்தை வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், விமானத்தில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆகவே நீ போட வேண்டியது இரண்டு டிக்கெட், எனக்கு நடைவழி ஓரத்து இருக்கை, மறந்துவிடாதே. குட்டியிடம் தாத்தாவுக்கு உப்பு மூட்டை தூக்க வராது, ஆனால் பூனை மாதிரி முதுகை வளைக்கத் தெரியும் என்று சொல்லி வை.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் மன நிறைவோடு, நீண்ட ஆயுளோடு இருக்க எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும். பயிற்சியின்போது வாய்விட்டு எண்ண மறக்காதே. மேலே நான்காவதாக நான் எழுதியது தவறு. எங்கள் அலுவலகத்தில் தவறான கோட்டைச் சுரண்டி எடுக்க மாட்டோம், குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்து வைப்போம், அதேபோல அடித்திருக்கிறேன், பக்கத்தில் அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்களைப் பார்க்க வரப்போகும்
அப்பா